சோ ராமசாமி

சோ ராமசாமி (5 அக்டோபர் 1934 – 7 டிசம்பர் 2016): 'துக்ளக்' இதழின் நிறுவனர், ஆசிரியர், நாடகாசிரியர், நடிகர், வழக்கறிஞர். சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். 'தேன்மொழியாள்' நாடகத்தில் ஏற்ற வேடத்தின் பெயர்தான் சோ. கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்' நாடகத்தின் புகழோடு, 1970 பொங்கலன்று பத்திரிகை தொடங்கினார். முதல் அட்டையில் இரண்டு கழுதைகள் புதிய பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டன. தன்னையே முதலில் கேலி செய்துகொண்டால் மற்றவர்களை வாரும் உரிமை வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் சர்ச்சை கிளம்பியது. அது குறித்து வெளிவந்த துக்ளக் இதழைத் தி.மு.க. அரசு பறிமுதல் செய்தது. தப்பிய பிரதிகள் கூடுதல் விலைக்குக் கைமாறின. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் அந்தச் சர்ச்சை எடுபட்டதா என்றால் இல்லை. இரண்டே மாதத்தில் தி.மு.க. 184 இடங்களை வென்றது. ஆனால் சர்ச்சை ஓயவில்லை: 2020இல் துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் அதைக் கிளப்ப, தமிழகம் மறுபடி சூடானது.

நெருக்கடிநிலைக் காலத்தில் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார். தணிக்கை இறுகியபோது எம்.ஜி.ஆரின் பழைய படமான 'சர்வாதிகாரி'க்கு விமர்சனம் எழுதினார். யாரைச் சொல்கிறார் என்பது வாசகருக்குப் புரிந்தது.

இட ஒதுக்கீடு, பெண்ணியம், திராவிட அரசியல், விடுதலைப் புலிகள் எல்லாவற்றிலும் அவர் எதிர்முகாம். பிராமண வைதிகக் குரல் என்று எதிராளிகள் சாடினர். அவரும் தன் வைதிகச் சார்பை மறைத்ததில்லை. 'எங்கே பிராமணன்' எழுதியவர் அல்லவா!

எழுத்தில் அரசியல்வாதிகளைக் கிழித்தவர், திரைமறைவில் அவர்களுக்குக் கூட்டணி கட்டிக் கொடுத்ததுதான் வேடிக்கை. 1996இல் ஜெயலலிதாவை வீழ்த்திய தி.மு.க. – த.மா.கா. அணி உருவாக உழைத்தார். 2011இல் அதே ஜெயலலிதாவுக்காக விஜயகாந்தை அ.தி.மு.க. அணிக்குக் கொண்டுவர முயன்றார்; ஸ்ரீரங்கத்தில் நின்று வென்று ஜெயலலிதா மீண்டும் முதல்வரானது அந்தத் தேர்தலில்தான். இடையே 1999 முதல் 2005 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

சென்னை அப்போலோ மருத்துவமனையில் 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா இறந்தார். இரண்டாம் நாள், 7ஆம் தேதி அதிகாலை, அதே மருத்துவமனையில் சோவும் காலமானார். வயது 82. துக்ளக் ஆசிரியர் பொறுப்பை எஸ். குருமூர்த்தி ஏற்றார். 2017இல் சோவுக்குப் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது.