சொல்லகராதி செய்தவர் சொல்லிழந்த இரவு

ஆங்கில மொழிக்கு 1755ஆம் ஆண்டில் பேரகராதி செய்தளித்த சாமுவேல் ஜான்சனைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். 40,000க்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் வகுத்த அப்பெரியார், தம் 73ஆம் வயதில் ஓர் இரவில் ஒரு சொல்லும் சொல்ல இயலாதவரானார். இதனை அறிந்தோர் சிலரே. அவ்விரவில் தமக்கு நேர்ந்ததை மூன்றாம் நாளே தம் தோழியான திரேல் அம்மையாருக்குக் கடிதமாக வரைந்தார். பக்கவாதத்தை நோயாளியே உள்ளிருந்து நோக்கி எழுதிய பழங்குறிப்புகளில் இதற்கு நிகரானவை அரியவை.

1783 ஜூன் 16, திங்கட்கிழமை. அன்று ஜான்சன் தம் உருவத்தை ஓவியமாக வரைவதற்கு அமர்ந்திருந்தார். பின்னர் நெடுந்தொலைவு நடந்தார். மாலையில் உடல் இலேசாயிருந்தது. வருங்காலத்திற்குத் திட்டங்கள்கூட வகுத்தார். இலண்டனில் தம் இல்லத்தில் படுத்தவர் சற்று நேரத்தில் விழித்து எழுந்து உட்கார்ந்தார். தலைக்குள் ஏதோ குழப்பம். அரை நிமிடம் நீடித்தது. உடலை எவ்வாறு வருத்தினும் அறிவை மட்டும் விட்டுவைக்குமாறு இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலை இலத்தீன் செய்யுளாக யாத்தார். அறிவு சிதையவில்லையா என்று தம்மையே சோதித்துக்கொள்ளும் முறை அது! செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆயினும் அது சிறக்கவில்லை என்பது தமக்கு விளங்கியது. ஆகவே அறிவுக்குக் குறைவில்லை என்று முடிவு செய்தார். தன் பிழையைத் தானே காணும் மாணவனைப் பற்றி நாமும் இவ்வாறுதானே கருதுகிறோம்?

பிறகுதான் குரல் போய்விட்டதை உணர்ந்தார். வலி சிறிதும் இல்லை. துயரமும் மிகுதியாக இல்லை. இத்தகைய கொடிய நிலையில் தாம் இவ்வளவு அமைதியாக இருப்பதை எண்ணி அவரே வியந்தார். மது நாவன்மை தரும் என்று சொல்லப்படுகிறதே என இருமுறை சிறிது அருந்திப் பார்த்தார். உடலைப் பலமாக அசைத்தும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பின்னர்ப் படுக்கைக்குச் சென்று உறங்கிவிட்டார்.

பொழுது விடிந்ததும் பணியாளரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பேசிக்கொண்டே வந்த அவருக்கு, எதிரில் இருப்பவர் எதற்காகக் காகிதத்தை நீட்டுகிறார் என்பது உடனே விளங்கவில்லை. அடுத்து நண்பர் ஆலனுக்கு எழுதுகையில், ஏனென்று தெரியாமலே கை தவறான எழுத்துகளை இட்டது. அகராதி செய்த கை!

அவர் உறங்கிய இடத்திற்கு வந்ததும் கடிதத்தை மூடிவைத்துவிட்டேன். நானும் அவ்வாறு உறங்கியவன்தான்.

இந்நோய்க்கு உலகோர் இட்ட பெயர்களைப் பாருங்கள். கிரேக்கர் அடித்து வீழ்த்தப்படுதல் என்றனர். ஆங்கிலேயரும் அடி என்றே வழங்குகின்றனர். நாம் பக்கவாதம், பாரிசவாயு என்கிறோம். மலாய் மக்கள் 'அங்கின் அஹ்மார்' என்பர். செங்காற்று என்பது பொருள். வாதமும் வாயுவும் காற்றே ஆதலால், அண்டை வீட்டார் இருவரும் காற்றின்மீதே பழி சுமத்தியிருக்கிறோம். காற்று அன்று, குருதியே காரணம் என்பதை 1658இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் வெப்ஃபர், இறந்தோர் உடல்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். மூளைக்குள் குருதி கசிந்திருந்ததைக் கண்டார். குழாய் அடைபட்டும் நோய் வரலாம் என்றும் எழுதினார். ஆயினும் அறிந்ததற்கும் ஆற்றுவதற்கும் இடையில் நெடுங்காலம் கிடந்தது. ஜான்சனுக்கு மருத்துவர்கள் செய்தது, முதுகிலும் தொண்டைப் பக்கத்திலும் கொப்புளம் எழுப்பும் மருந்தைப் பூசியதே. அவர் இரவெல்லாம் விழித்திருந்து மருத்துவரை அழைத்திருந்தாலும் இதற்கு மேல் கிடைத்திராது. அன்று உறக்கத்தால் நட்டமில்லை.

வலியில்லாமையே இந்நோயின் பெரும் வஞ்சகம். உடலின் வலியையெல்லாம் உணரும் மூளைத் திசுவுக்குத் தன் வலியை உணரும் நரம்பு இல்லை. குழாய் வெடித்துக் குருதி கசிந்தால் கடுந்தலைவலி வருவதுண்டு; அடைபட்டாலோ பெரும்பாலும் ஓசையின்றி முடிந்துவிடும். இதற்கு முன்னோடியாகிய இரத்த அழுத்தமும் அப்படியே. இரத்தக் கொதிப்பு என்ற நம் சொல்லே பலரை ஏமாற்றிவிட்டது எனலாம். கொதித்தால் தெரியாதா, எனக்குத்தான் கோபமே வருவதில்லையே என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

உணர முடியாததை அளக்கத்தான் வேண்டும். கையில் பட்டை சுற்றி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா ரோச்சி 1896இல் அமைத்தார். குழாய் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையை உருசியரான கொரோட்கோவ் 1905இல் கூறினார். ஆயினும் அளந்து கண்ட எண்ணை அஞ்சுவதற்கு உலகம் பின்னரே கற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதயநோய் மருத்துவர் புருயென் சோதித்தபோது அழுத்தம் 186/108. 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் யால்டா மாநாட்டுக்கும் சென்று வந்தார். ஏப்ரல் 12ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியத்திற்காக அமர்ந்திருந்தபோது பின்தலை வலிக்கிறது என்று கூறிச் சாய்ந்தார். ஜான்சனும் அதற்கு முந்திய பகலில் ஓவியத்திற்கு அமர்ந்தவர் என்பது தற்செயலே. அப்போது அளந்த அழுத்தம் 300/190ஐத் தாண்டியிருந்தது. அன்று பிற்பகலே உயிர் நீத்தார், வயது 63. தலைவரின் தலைமை மருத்துவரோ, இது எதிர்பாராமல் வந்தது என்றார். புருயென் தம் குறிப்புகளை 1970இல் வெளியிட்ட பின்னரே அந்த எண்கள் உலகுக்குத் தெரிந்தன.

புருயெனைக் குறைகூற மனம் வரவில்லை. உப்பைக் குறைத்தல், ஓய்வு, சில மருந்துகள் என்பவற்றுக்கு மேல் அன்று அவரிடம் இல்லை. ரூஸ்வெல்ட் மறைந்து மூன்று ஆண்டுகளில், 1948இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காம் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர்ந்த அழுத்தமே பக்கவாதத்திற்குத் தலையாய காரணம் என்பதை அது நிறுவியது. மாத்திரையால் அழுத்தத்தைத் தணித்தால் பெருங்கேடுகள் குறையும் என்பதை, படைவீரராயிருந்த 143 பேரைக் கொண்டு 1967இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஐயமறக் காட்டியது. புகை, நீரிழிவு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றின் பங்கும் அடுத்தடுத்துத் தெளிவாயிற்று.

1971இல் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையைச் சி.டி. கருவி முதன்முதலாகப் படம் பிடித்தது. கசிவா, அடைப்பா என்பதை உயிருள்ளபோதே அறிய வழி பிறந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே கேடு. 1995இல் வெளியான ஆய்வு, நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் அம்மருந்தைச் செலுத்தினால் பலர் முடமாகாமல் மீள்வர் என்றது. 2008இல் அவ்வெல்லை 4½ மணியாக நீண்டது. பெருங்குழாய் அடைபட்டோர் சிலருக்கு, 24 மணி நேரம் வரையிலும் கட்டியைக் கம்பிவலையால் இழுத்தெடுக்கவும் இப்போது முடிகிறது. ஆனால் அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் கணக்கிட்டுள்ளனர். வாய் ஒருபுறம் கோணினாலும், தூக்கிய கை தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் சிங்கப்பூரில் 995ஐ, மலேசியாவில் 999ஐ அழைக்க வேண்டும். அது தானே சரியாகிவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும்.

ஜான்சனுக்குச் சில நாள்களில் பேச்சு மீண்டது. 1784 டிசம்பரில் மறைந்தார். எனக்குப் பேச்சு மீள ஏழு மாதமாயிற்று. வலக்கை இன்னும் முழுமையாக மீளவில்லை. மருத்துவமனையில் இளம் மருத்துவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை மணிக்குத் தொடங்கியது? எனக்கு விடை தெரியும், நா அசையவில்லை. மனைவிதான் சொன்னாள்: "விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தேநீர்க் குவளையைக் கீழே போட்டுவிட்டார், டாக்டர். கை மரத்துப்போயிற்று, சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று மறுபடியும் படுத்துக்கொண்டார்."

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை.