நீலகிரியின் சோகையும் மருத்துவப் பாடத்திட்டமும்

உதகையில் காந்தலுக்கு அப்பால், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இயங்கிய பகுதியில் எழுந்த நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தின் வேறு பத்துக் கல்லூரிகளுடன் திறந்துவைக்கப்பட்டது. 2019இல் நாடெங்கும் அறிமுகமான திறன்சார் பாடத்திட்டத்துக்குப் பின்னரே தோன்றியதால், இக்கல்லூரிக்குப் பழைய முறையில் வகுப்பு நடத்திய மரபே கிடையாது.

அப்பாடத்திட்டம் வலியுறுத்தும் ஒருங்கிணைந்த கற்பித்தல் இருவகைப்படும். ஒரே ஆண்டில் பயிலும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை ஒரு நோயையோ உறுப்பையோ முன்னிட்டு இணைப்பது கிடைமட்ட ஒருங்கிணைப்பு. முதலாண்டு மாணவனின் அடிப்படை அறிவியலை வார்டில் காணும் நோயாளியோடு பிணைப்பது செங்குத்து ஒருங்கிணைப்பு. அடிப்படை அறிவியல் முதலில், மருத்துவமனை பிறகு என்ற வரிசையை வட அமெரிக்காவில் நிலைநிறுத்தியது 1910இன் பிளெக்ஸ்னர் அறிக்கை. அவ்வரிசையைக் கலைத்து, உறுப்பு மண்டலங்களின் அடிப்படையில் பாடங்களை அடுக்கும் முறையை 1952இல் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகளும் ஒருங்கிணைப்பைப் பரிந்துரைத்திருந்தன. எனினும் பெரும்பாலான கல்லூரிகளில் அது ஏட்டளவிலேயே நின்றது.

அதே 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுப் பண்பு காணப்படுவதை வெளியிட்டனர் என்பது தற்செயலே. ஆயினும் ஒருங்கிணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இம்மலையில் அமைவது அரிது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் வேலினாக மாறுவதை உயிர்வேதியியல் சொல்லும். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாயை அடைப்பதை நோயியல் காட்டும். வலியோடு வரும் குழந்தைக்கு என்ன செய்வதென்பது குழந்தை மருத்துவம். திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை ஏன் என்பது சமூக மருத்துவம். பழைய முறையில் இவை வெவ்வேறு ஆண்டுகளில் சிதறிக் கிடக்க, அவற்றைக் கோத்துக்கொள்ளும் பொறுப்பு மாணவனின் தலையில் விழுந்தது.

ஆகவே இத்தகைய வகுப்புகளை மாணவர்கள் பொதுவாக விரும்புவதாக இந்தியக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் பலவும் தெரிவிப்பதில் வியப்பில்லை. ஆசிரியர்களும் கொள்கையளவில் உடன்படுகின்றனர். ஆனால் மூன்று துறையினரை ஒரே நேரத்தில் ஒரு வகுப்புக்குக் கொண்டுவருவதன் சிரமம், ஆள் பற்றாக்குறை, தம் பாடத்தின் ஆழம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவற்றை அவர்கள் முன்வைக்கின்றனர். ஒருங்கிணைந்த தலைப்புகள் மொத்தப் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2019ஆம் ஆண்டுத் திட்டம் வரம்பிட்டதை இவ்வச்சத்துக்குக் கிடைத்த சலுகையாகவே கொள்ளலாம். இரு தரப்பினரும் அதிகம் பேசாத தடை தேர்வுதான்: அரிவாளணுச் சோகையை ஒருங்கிணைத்துப் படித்த மாணவன், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வில் உடலியங்கியலுக்கு ஒரு நாளும் உயிர்வேதியியலுக்கு வேறொரு நாளும் தனித்தனித் தாள்களிலேயே விடை எழுத வேண்டியிருக்கிறது.