வெப்பம் எங்கே போகிறது?

பங்குனி பிறந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறிப் படுக்கையறை ஏ.சி.யின் முன்மூடியைத் திறப்பேன். இரண்டு ஃபில்டர்களையும் உருவினால், குளிர்காலம் முழுக்கப் படிந்த தூசி சாம்பல் நிறத் துணிபோல ஒட்டியிருக்கும். பின்புறமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் உலர்த்துவேன். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கோடை முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே வேலை. விட்டுவிட்டால் காற்று குறையும், உள்ளே குழாயில் பனி கட்டும், கரண்ட் பில் ஏறும். இது என் வேலை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே என்னுடையதாகிவிட்டது.

சென்ற ஆண்டு சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் தம்பி சொன்னார்: "இது குளிரை உண்டாக்காதுங்க மேடம். உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளும், அவ்வளவுதான்."

வெளியே என்றால் எங்கே? எங்கள் அவுட்டோர் யூனிட் சமையலறை ஜன்னலையொட்டிய சுவரில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, கணவரும் மகனும் தூங்கும் அறையின் சூடு நான் தோசை வார்க்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தில் உடம்புக்குள்ளிருந்தே திடீர் திடீரென்று எழும் அனல் வேறு.

குளிர்ச்சியின் வரலாறே இப்படி வெப்பத்தை இன்னொருவர் பக்கம் தள்ளிவிட்ட வரலாறுதான். துரைக்குக் காற்று வர, வராந்தாவில் ஒருவர் வியர்வை வழியப் பங்காக் கயிறு இழுத்தார். வெட்டிவேர்த் தட்டி காயாதிருக்க யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். 1842இல் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்தது, வசதியுள்ளவர்களின் கோப்பைகளுக்காக.

1902இல் வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தபோது அவர் மனதில் மனிதர்கள் இல்லை. புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் பிசகின. அதைச் சரிசெய்யவே அந்த இயந்திரம். அன்று காகிதத்துக்குக் கிடைத்த குளிர்ச்சி பிறகு திரையரங்குக்கும் அலுவலகத்துக்கும் படுக்கையறைக்கும் வந்தது. வீட்டிலேயே அதிகம் சூடான இடமான அடுக்களைக்கு மட்டும் பெரும்பாலும் வரவில்லை.

ஆனால் ஐஸ் ஹவுஸுக்கு இன்னொரு கதையும் உண்டு. சிறுவயதிலேயே விதவையாகி, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, பிராமண இளம் விதவைகளுக்கான விடுதியைப் பின்னாளில் அந்தக் கட்டடத்தில்தான் நடத்தினார். எல்லாச் சாதிப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், மூலையில் உட்காரச் சொல்லப்பட்ட சிறுமிகள் அங்கே படித்தார்கள். கட்டியவர்கள் நினைத்திராத பயன் அது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய ஒரு நாள், அவுட்டோர் யூனிட்டை இடம் மாற்றச் சொன்னேன்.

"வீண் செலவு," என்றார் கணவர்.

"சரி, இந்த ஏப்ரல் முழுக்க நீங்க சமைச்சுப் பாருங்க," என்றேன்.

நான்கு நாளில் மெக்கானிக்குக்கு அவரே போன் செய்தார். யூனிட் இப்போது மொட்டைமாடியில் இருக்கிறது.

இந்தப் பங்குனியில் ஸ்டூலில் ஏறியது மகன். "அம்மா, தண்ணி எந்தப் பக்கம் விடணும்?"

"பின்பக்கம்," என்றேன், படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து நிமிராமல்.