நாவலூர்ச் சுவர்

உளுந்தூர்ப்பேட்டைக்கும் பண்ணுருட்டிக்கும் நடுவே இருக்கிற திருநாவலூருக்குப் போகிறவர்கள் சுந்தரமூர்த்தி நாயனாரை எண்ணிக்கொண்டுதான் போகிறார்கள். நியாயந்தான். அவர் பிறந்த ஊர் அது. சடையனாரும் இசைஞானியாரும் பெற்ற பிள்ளை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்ததாம். அவ்வழியே வந்த திருமுனைப்பாடிச் சிற்றரசர் நரசிங்க முனையரையர் கண்டார். பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிப் போய்த் தம் மகனாக வளர்த்தார். சேக்கிழார் சொல்லும் கதை இது. பெற்றவர்கள், பிள்ளை, வளர்த்தவர் ஆகிய நால்வருமே அறுபத்துமூவரில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சிற்றூருக்கு இதைவிடப் பெருமை வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கோயிற் சுவரில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதற் பராந்தக சோழன் தன் மூத்த மகன் இராஜாதித்தனைப் படையோடு இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் கொண்டுவந்து வைத்தான். வடக்கே இராஷ்டிரகூடர் பயம். யுத்தம் இன்று வரும் நாளை வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் பாசறை ஊராகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. நாவலூருக்கு இராஜாதித்தபுரம் என்றும் ஒரு பெயர் வந்தது. திருத்தொண்டீச்சுரம் என்ற இந்தக் கோயிலை இளவரசன் கல்லால் கட்டினான்.

சுவரில் அவன் பெயரைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது மற்றவர்களின் பெயர்கள். இளவரசனின் தாய் கோக்கிழானடிகளின் பணிப்பெண் ஒருத்தி. சித்திரகோமளம் என்று பெயர். பணிப்பெண்ணுக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! அவள் கொடுத்த தர்மம் கல்லில் இருக்கிறது. இளவரசனின் மலையாளப் பரிவாரத்து ஆட்களும் தர்மம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கோயிலுக்கு விளக்கு வைப்பதென்றால் அகல் வாங்கிக் கொடுப்பதல்ல. நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். அவற்றை வாங்கிக்கொள்ளும் இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டியைக் கொண்டு கணக்கை நேர்செய்துகொள்ள வேண்டியது அவன் பாடு. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மனிதன் சாவான், மூப்பான். ஆடு மட்டும் அப்படியே இருக்கும்! பிறந்த ஊரை விட்டு வந்தவனுக்கு இப்படி ஒரு ஏற்பாடு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பரிவாரத் தலைவர்களில் ஒருவன் வெள்ளங்குமரன். மலைநாட்டுப் புத்தூர்க்காரன். நாவலூருக்கு வடக்கே பெண்ணையாற்றுப் பக்கம் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில், 943-ல் அவனும் ஒரு கற்கோயில் கட்டினான். கலியுகம் பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அங்கே கல்லில் எண்ணி வெட்டியிருக்கிறான். போருக்குக் காத்திருந்தவனுக்கு நாளை எண்ணத் தெரியாமற் போகுமா?

949-ல் போர் வந்தது, தக்கோலத்தில். இராஜாதித்தன் யானைமேலிருந்தபடியே மாண்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பின்னால் சாசனங்கள் அவனைக் குறித்தன. வென்ற பக்கத்துக் கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்ற செய்தியைக் கன்னட நாட்டில் ஆதகூர்க் கல் சொல்கிறது. அது பன்றியோடு பொருது இறந்த காளி என்ற வேட்டைநாய்க்கு நட்ட கல்! ராஜகுமாரன் சாவும் நாயின் சாவும் ஒரே கல்லில். நாவலூரிலோ, சோழன் ஆட்சியாண்டு எழுதிய அதே கோயிலில், வென்ற கன்னரதேவன் ஆட்சியாண்டையும் எழுதினார்கள். ராஜா மாறினான்; கோயில் தர்மம் நிற்கவில்லை.

மலையாளத் தலைவனின் கதை அங்கே முடியவில்லை. போர் நடந்து பத்தாண்டு கழிந்து, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்றொரு துறவி கோயிலுக்குப் பொன் வைக்கிறார். அவர் வரலாற்றை அங்குள்ள சாசனம் சொல்கிறது: கேரளத்தவர், இராஜாதித்தனிடம் சேவை செய்தவர். தலைவன் மாண்ட களத்தில் தானும் உடனிருந்து மாளவில்லையே என்று நொந்து, கங்கையாடித் துறவு பூண்டவர். வெள்ளங்குமரன்தான் இவர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கல்லில் அரசர்களின் வெற்றியை எத்தனையோ பேர் வெட்டி வைத்தார்கள். இந்தச் சேவகன் வெட்டி வைத்தது, தான் அன்று அங்கே இல்லாமற் போனதை.