கல்கத்தாவின் இரு நகரங்கள்: பெயரும் பாகுபாடும்

ஆங்கிலேயர் ஆட்சியின் நிறப்பாகுபாட்டைக் கல்கத்தாவின் பழைய பகுதிப் பெயர்கள் உணர்த்துகின்றன. 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப்பின், புதிய வில்லியம் கோட்டைக்காகக் கோவிந்தபூர் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். லால் திகியைச் சுற்றியும் சௌரங்கியிலும் 'வெள்ளையர் நகரம்' வளர்ந்தது. வடக்கே சுதாநுதிப் பகுதி 'கறுப்பர் நகரம்' எனப்பட்டது. சென்னையிற்போல இவற்றிடையே மதில் எழவில்லை. வெள்ளையர் இல்லங்களில் இந்தியப் பணியாளரும் வாழ்ந்தனர்.

எனவே பிரிவினை நிலத்தைவிட உரிமையிலேயே வேரூன்றியது எனலாம். இந்திய நீதிபதிகள் மாவட்டங்களில் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்த 1883ஆம் ஆண்டு இல்பர்ட் மசோதாவைக் கல்கத்தா வெள்ளையர் கடுமையாக எதிர்த்தனர். அதனால், 1884இல் நிறைவேறிய சட்டம், பாதியேனும் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அமர்ந்த ஜூரியைக் கோரும் உரிமையை ஐரோப்பியருக்கு அளித்தது. இம்மனப்பான்மை விடுதலையோடு முடியவில்லை: 1827இல் தோன்றிய பெங்கால் கிளப் 1959 வரை இந்தியரை உறுப்பினராக ஏற்கவில்லை.

பார்க் தெருப் பகுதியைச் சுட்டும் 'சாகேப் பாடா' (துரைமார் குடியிருப்பு) என்னும் வங்காளத் தொடர் இன்றும் வழங்குகிறது. 'பிளாக் டவுன்' என்பதைக் 'கருநகரம்' எனப் பெயர்ப்பின் நிறம் ஊரின் இயல்பாகிவிடும். சென்னை வழக்கான 'கறுப்பர் நகரம்' என்பதோ ஒதுக்கப்பட்ட மக்களை முன்னிறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் இன்றியமையாதது.