மூர்க்க நாயனாரும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும்



பரீட்சை எழுதவும், ஆஸ்பத்திரிக்கும், பிள்ளை வீட்டுக்கும் ஊரிலிருந்து சென்னை வருபவர்களில் நிறையப் பேர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம்தான் தங்குகிறார்கள். காரணம் தெரிந்ததே, வாடகை குறைவு. மூன்றாம் நாளே, "இங்கே பார்க்க என்ன சார் இருக்கு?" என்பார்கள். வரலாறு எடுத்த வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா?

கையில் காசில்லாமல் வருகிற வெளியூர்க்காரனை என்ன செய்வது? இந்தக் கேள்வி இந்தப் பகுதிக்கு மிகப் பழையது. திருவேற்காட்டில் பிறந்தவர் மூர்க்க நாயனார். வந்த சிவனடியார்களுக்குச் சோறு போட்ட பிறகுதான் தாம் சாப்பிடுவார். நிலம் நீச்சு எல்லாம் விற்றாயிற்று. மிச்சம் இருந்தது தெரிந்த ஒரு வித்தை, சூதாட்டம். உள்ளூரில் ஆட ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகப் போய்க் கும்பகோணம் வரை ஆடினார். முதல் ஆட்டம் தோற்பார், அடுத்தது ஜெயிப்பார். ஏமாற்றியவனைக் கத்தியால் குத்துவார், பெயர் அதனால் வந்தது. ஜெயித்த பணத்தைத் தாம் தொடமாட்டார். அது நேராகச் சமையல்காரர் கைக்குப் போகும். "அப்போ சூதாடலாமா சார்?" என்று வகுப்பில் மடக்குவார்கள். நான் மணி அடிக்கிறதா என்று பார்ப்பேன்.

இதை விரிவாக எழுதிய சேக்கிழாரும் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான், 12ஆம் நூற்றாண்டு. ஆனால் சுந்தரரே தம் திருத்தொண்டத்தொகையில் மூர்க்கர் பெயரைச் சொல்லிவிட்டதால், ஆள் அதற்கும் பல நூறு ஆண்டு முந்தியவர்.

அந்தச் சுந்தரரும் இந்த வழியாக வந்தவர்தான், அதுவும் கண் தெரியாமல். திருவொற்றியூரை விட்டுப் போவதில்லை என்று சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை போனது என்கிறது புராணம். அந்த நிலையில் மேற்கே நடந்து, திருமுல்லைவாயிலில் நின்று பாடினார். ஊன்றுகோல்கூட அதற்குப் பிறகு திருவெண்பாக்கத்தில்தான் கிடைத்தது.

பிற்காலத்தில் வழிநெடுகச் சத்திரங்கள் வந்தன. நல்ல ஏற்பாடு என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் யாருக்கு நல்ல ஏற்பாடு? பல சத்திரங்களில் ஒரு சாதிக்குப் பந்தி, இன்னொரு சாதிக்குத் திண்ணை, சிலருக்கு வாசலே கிடையாது. இதைச் சொல்லாமல் சத்திரத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. மூர்க்கர் வீட்டிலும் சோறு அடியார்களுக்குத்தான்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஆவடி வழியாகப் போகும் இதே பாதைதான். மூன்றாம் வகுப்பில் நெரிசல், அழுக்கு, எல்லாம் உண்டு. ஆனால் டிக்கெட் சாதி கேட்கவில்லை. பக்கத்தில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்தது பலகையின் நீளம்தான். ஆனால் தெருவுக்கும் கிணற்றுக்கும் அந்த நியாயம் வர வெகுகாலம் ஆனது. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் தேபர், முதலமைச்சர் காமராஜர். நாடு முழுவதிலிருந்தும் வந்தவர்கள் கூடிய அந்த இடத்தில்தான் சோஷலிச மாதிரி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். இறங்கிய ஸ்டேஷன் அதுதான் என்பது பலருக்குத் தெரியாது.

இன்று சத்திரம் என்றால் கல்யாண மண்டபம். மூட்டையோடு வருகிறவனை ராத்திரி படுக்க விடும் இடம் குறைந்துபோயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் தெரியும்.

சரி, பார்க்க என்ன இருக்கு என்று கேட்டவர்களுக்கு: காலையில் மின்சார ரயிலில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்குங்கள். சென்ட்ரலிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. மாசிலாமணீஸ்வரர் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்கள் உண்டு. நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்பது தலபுராணம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து திருவேற்காடு பக்கம்தான். கருமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், மூர்க்கர் வணங்கிய வேதபுரீஸ்வரர் கோயிலுக்கும் போய் வாருங்கள்.