பீப்பாயின் பூர்வீகம்

தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஆகஸ்டு 5-ஆம் தேதி. எள் போட்டால் விழாத கூட்டம். ஒரு கடை வாசலில் பழைய தகரப் பீப்பாயில் பைப்பைச் செருகித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

"பைப்பு இங்கிலீஷ். பீப்பாய்தான் வே நம்ம தமிழ்" என்றார் உடன் வந்த நண்பர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

லத்தீனில் 'பீப்பாரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. குஞ்சுப் பறவை கீச்சிடுவதைக் குறிப்பது. அப்படி ஒலிக்கும் ஊதுகுழலுக்குப் 'பீப்பா' என்று பேர் வந்தது. பின்பு எந்தக் குழாய்க்கும் அதே பேர். உள்ளே கூடாக இருக்கும் மதுப் பாத்திரத்துக்கும் அதே பேர். இங்கிலீஷில் அது பைப். போர்த்துக்கீசிய மொழியில் பீப்பா. கீச்சிடும் குஞ்சைக் குறித்த இன்னொரு சொல், பிரெஞ்சு வழியாகப் போய் இங்கிலீஷில் 'பிஜன்' ஆயிற்று. ஆகவே புறாவும் பங்காளிதான்.

நம் கரைக்கு இந்தச் சொல் சும்மா வரவில்லை. 1530-களில் முத்துக்குளிக்கும் உரிமைக்கு ஆபத்து வந்தபோது பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். 1658-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கீசியக் கொடி இறங்கிவிட்டது. பீப்பாயும் சாவியும் ஜன்னலும் நம் வீடுகளில் தங்கிவிட்டன.

"அப்படின்னா பீப்பாயையும் துரத்திர வேண்டியதுதானா?" என்றார் நண்பர், சற்றுக் கோபமாகவே.

நான் குரூஸ் பர்னாந்து அவர்களை நினைவூட்டினேன். தண்ணீருக்குத் தவித்த இந்த ஊருக்கு, நகரசபைத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே 1927-ல் தாமிரபரணியைக் கொண்டு வந்தவர். பேரோ போர்த்துக்கீசியப் பேர். மனிதர் நம் கடற்கரை மனிதர். அவர் கொண்டு வந்த தண்ணீரைக் குடித்தவர்கள் யாரும் பேருக்குப் பூர்வீகம் விசாரிக்கவில்லை. உழைத்துப் பிழைத்து நம்மோடு கிடக்கும் சொல்லுக்கு மட்டும் எதற்கு விசாரணை?

நண்பர் பதில் சொல்லவில்லை. அப்போது தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, திருவிழாக் கடையில் வாங்கிய ஊதலை ஊதிக்கொண்டே எங்களைக் கடந்து போயிற்று.

"பாப்பா, அது என்ன?" என்று கேட்டேன்.

"பீப்பீ!"

அதற்கு யாரும் லத்தீன் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. ரோமாபுரிக் குழந்தைக்கும் தமிழ் தெரிந்திருக்காது. காது மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.